பொம்மைப் போனுக்குப் பத்துக்கு ஒன்பது

இதனால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரப் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: செவ்வாய், சனி, ராகு, கேது ஆகிய நால்வரும் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். கல்யாணப் பொருத்தம் பார்க்கும் பொறுப்பைச் செல்போன் ஏற்றுக்கொண்டது.

அறிவித்தது ஒரு ஆட்டோ. ஆட்டோவின் பின்னால் ஃபிளெக்ஸ். அதில் கோட்டும் உருத்திராட்சமும் ஒருசேர அணிந்த ‘ஊடக உளவியல் ஆய்வுச் செம்மல் முனைவர் ஒளித்திரையார்’. எந்தப் பல்கலைக்கழகம் என்று போடவில்லை. இடம் போதவில்லை, உருத்திராட்சம் பெரிது.

குருபரப்பள்ளி நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. அஞ்செட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தவர்கள், ‘டோக்கன் எங்கே’ என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்பவர்கள். தக்காளித் தோட்டத்துக் கோவிந்தப்பனும் அதில் ஒருவர். அவர் மகள் சுகுணாவும், ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் கோவில்பட்டிப் பையன் மாதவனும் ஒருவரையொருவர் பிடித்துப்போய், நிச்சயமும் முடிந்துவிட்டது. பையனின் அம்மா பேச்சியம்மாளுக்குத்தான் ஒரு குறை: “எதுக்கும் அறிவியல்படி ஒரு தடவ பாத்துருவோம்யா.”

போனை அணைத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொடுக்க வேண்டும்.

“நான் போனைத் திறக்கவே மாட்டேன்,” என்றார் ஒளித்திரையார். “அந்தரங்கம் புனிதம். நீங்கள் பார்த்த வீடியோவெல்லாம் உள்ளே அலையாகப் படிந்திருக்கும். என் பெட்டி அதைப் படிக்கும்.”

சுகுணா, மாதவன் இருவரின் போன் முடிச்சுகளும் உள்ளே போனதும் பெட்டி பச்சையும் சிவப்புமாக மின்னியது. கோவிந்தப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இந்தப் பெண், ‘இன்னும் ஒரே ஒரு வீடியோ’ என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் பார்க்கிறவள்.”

மண்டபமே வாயைப் பிளந்தது. எப்பேர்ப்பட்ட ஞானம்! மழை பெய்தால் நனையும் என்று சொல்லியிருந்தால் காலிலேயே விழுந்திருப்பார்கள்.

“பையன், ‘போனால் ஊரே கெட்டுப்போச்சு, நான் மட்டும் தப்பித்தேன்’ என்று நினைக்கிறவன்.”

“அப்படியே புட்டுப் புட்டு வெக்கிறாரே!” என்று பக்கத்திலிருந்தவரிடம் வியந்தார் கோவிந்தப்பன். “ஆனா நிஜந்தாங்க. ஊரே கெட்டுதான் போச்சு. நான்தான் ஏதோ தப்பிச்சேன்.”

“நானுந்தாங்க,” என்றார் பக்கத்திலிருந்தவர்.

இதையெல்லாம் மெய்யாகவே ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்களைக் கேட்டு, வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ‘இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்பார்கள். அந்தப் பதிலுக்கு மண்டபம் நிறையுமா?

ஒளித்திரையாருக்கு எல்லாமே உறுதியாகத் தெரியும். “பத்துக்கு மூன்று! பெண்ணுக்கு ரீல்ஸ் தோஷம். கல்யாணம் நடந்தால் ஆறே மாதத்தில் பிரிவு. ‘டேட்டா சாந்தி’ செய்தால் தப்பலாம்.”

சாந்திக்கான தொகையைக் கேட்டதும், ஒரு போகத் தக்காளி கோவிந்தப்பனின் கண்முன்னே உருண்டு ஓடியது.

பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள். “எம்புள்ள வாழ்க்கைய்யா. சாந்தியப் பண்ணுங்க, இல்லன்னா இந்தச் சம்பந்தத்த விட்டுருங்க.”

சுகுணா வேலை பார்ப்பது ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில். மறுநாள் காலை அப்பாவிடம் இரண்டு மஞ்சள் முடிச்சுகளை நீட்டினாள். “சாந்திக்குப் பணம் கட்டத்தானே போறீங்க? நானும் வர்றேன். அப்படியே என் கூட்டாளி மணிமேகலைக்கும் பொருத்தம் பாத்துரலாம்.”

“உன் கல்யாணமே தொங்குது. இதுல ஊரான் வூட்டுப் பொருத்தம் என்னாத்துக்கும்மா?”

“சும்மா எடுத்துகினு வாங்கப்பா.”

பேச்சியம்மாளும் மாதவனும் முன்வரிசையில் காத்திருந்தார்கள். முடிச்சுகள் பெட்டிக்குப் போயின. பெட்டி மின்னியது. ஒளித்திரையார் கண்ணை மூடினார், முகம் மலர்ந்தது.

“ஆகா! பெண் இளகிய மனசு, சீரியல் பார்த்தே அழுவாள். பையன் ராத்திரி போனை வைக்க மனசில்லாதவன், ஆனால் தங்கம். அலையோடு அலை ஒட்டிக்கொள்கிறது. பத்துக்கு ஒன்பது! யோசிக்காமல் முடிக்கலாம்.”

“யோசிச்சுட்டேன் சார்,” என்று சொல்லி, சுகுணா முடிச்சுகளை எல்லோருக்கும் முன்னால் அவிழ்த்தாள்.

இரண்டும் பொம்மைப் போன். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அழகுக்கு வைப்பது. பேட்டரி இல்லை, சிம் இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை. திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டிய படம். படத்தில் மணி பத்து பத்து.

“அது... கடையில் மற்ற போன்களின் அலை பட்டு...” என்று ஆரம்பித்தார் ஒளித்திரையார்.

“நிறுத்துய்யா!” பேச்சியம்மாளின் குரல் நெடுஞ்சாலை லாரிகளைத் தாண்டிக் கேட்டது. “உசுரில்லாத பொம்மைக்கு ஒம்பது, எம்புள்ளைக்கு மூணா?”

மாதவன் பெட்டியின் மூடியைத் தூக்கினான். உள்ளே திருவிழாப் பந்தலில் தொங்கவிடும் சீரியல் லைட்டு. அதன் ஒயர் மேஜைக்கு அடியில் ஓடி, முனைவரின் செருப்புக்குக் கீழே ஒரு சுவிட்சில் முடிந்தது. கூட்டம் சுற்றி வளைத்தது. வாங்கிய பணமெல்லாம் வந்த வேகத்தில் திரும்பியது.

எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். ‘ஜனங்க இன்னும் இப்படி ஏமாறுறாங்களே!’ என்று எழுதி அங்கேயே நின்று ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். கோவிந்தப்பனும் அனுப்பினார். அந்த ‘ஜனங்க’ யார் என்று, போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நாட்டுக்கு நல்லது.

“சம்பந்தி, கல்யாணத்துக்கு ஒரு நல்ல நேரம் பாத்து...” என்று வாசலில் இழுத்தார் கோவிந்தப்பன்.

“பாத்ததெல்லாம் போதும்யா!” என்றாள் பேச்சியம்மாள்.

சுகுணா பொம்மைப் போனைக் காட்டினாள். “இதுல எப்பவுமே ஒரே நேரந்தான் அத்தை. இதையே வெச்சுக்கலாம்.”

ஒரு சனிக்கிழமை, பத்து பத்துக்குத் தாலி கட்டினார்கள். அது ராகுகாலம். இருவரும் சௌக்கியம்.