புதன்கிழமைக்காரர் கேட்ட காடு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் புதன்கிழமைக்காரரைப் போல் கூட்டத்துக்குப் பயந்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். கல்யாணம் என்றால் முதல் நாள் மதியமே மண்டபத்துக்குப் போய், பந்தல் போடுகிறவர்களை வாழ்த்திவிட்டு வந்துவிடுவார். கரையான்சாவடியில் தீபாவளிச் சட்டை எடுப்பது தீபாவளி முடிந்த மறுவாரம். கோயில், சலூன், சினிமா எல்லாமே புதன்கிழமைதான். பெயர் அப்படி வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெல்பராக நுழைந்து, இன்று தகடு வெட்டும் பவர் பிரஸ் ஆறு ஓடும் பட்டறைக்கு முதலாளி. அதில் பெரிய பிரஸ்ஸை இருபது வருஷம் ஓட்டியவர் அவர். அது தகட்டின் மேல் இறங்கினால் பக்கத்துத் தெருவில் டீ கிளாஸ் ஆடும். அந்தச் சத்தத்தில் யார் பேசுவது? எங்களுக்குள் எல்லாம் கைஜாடைதான். விரலை வளையமாக்கினால் ‘பீஸ் சரி’, வெட்டிய துண்டில் குறையில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு முறை இறக்கினால் ‘மெஷினை நிறுத்து’.

ஒரு நாள் காது டாக்டரிடம் போய்விட்டு வந்தார். இடது காது போய்விட்டதாம். வலதும் அதிக நாள் தாங்காதாம்.

“இன்னா வேணும் சொல்லு, எவ்ளோ செலவானாலும் நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

“யானை மூங்கில் ஒடிக்கிற சத்தம் கேக்கணும் அண்ணாத்தே. டிவில காட்டுனான், கூடவே மியூசிக்கப் போட்டுக் கெடுத்துட்டான். இருவது வருசமா டமால் டமால்னே கேட்டுகினு கீறேன். பூட்றதுக்கு முன்னாடி இந்தக் காது நல்லதா ஒண்ணு கேட்டுட்டுப் போவட்டும்.”

அந்தப் பிரஸ் என்னுடையது.

சும்மா இருப்பேனா? பொங்கல் லீவில் பட்டறை மொத்தத்தையும் வேனில் ஏற்றினேன். முதுமலை!

“லீவுல வாணாம் அண்ணாத்தே, ஊரே அங்கதான் நிக்கும். பள்ளிக்கூடம் தொறந்தப்புறம், மழை நேரத்துல, புதன்கெழம, காத்தால மொத வண்டில போவணும்” என்று கெஞ்சினார்.

“யோவ், மொதலாளி நீயா, நானா?”

போய்ப் பார்த்தால், காணும் பொங்கல் மெரினா அப்படியே மரத்தடிக்கு வந்திருந்தது. வண்டிக்குப் பின்னால் வண்டி. யாரோ பாட்டுப் போட்டார்கள். எங்கள் ஆட்களோ, பட்டறைப் பழக்கத்தில், ரகசியம் பேசினாலே எட்டு ஊருக்குக் கேட்கும். யானை வந்தது. எங்களைப் பார்த்தது. திரும்பிவிட்டது. நான் பார்த்தது அதன் வாலை. அவர் கேட்டது ஹாரன் சத்தத்தை.

ஆடி மாதத்துக்குள் வலது காதும் பாதி போயிருந்தது. இந்த முறை அவர் சொன்னபடியே கிளம்பினோம். புதன்கிழமை, முதல் வண்டி, தூறல். வனத்துறை வண்டியில் டிரைவரையும் எங்களையும் தவிர யாரும் இல்லை.

“பாத்தியா? ஒரு ஆள் கீறானா? நான் நெனச்சா காட்டையே காலி பண்ணுவேன்யா. மொத பிரஸ் வாங்குனப்பவே…”

“எல்லாக் கூட்டத்தையும் தாண்டி வந்துட்டேன் அண்ணாத்தே. நீ ஒரு ஆளே ஒரு கூட்டமா கீறியே!”

அப்போதும் நான் பேச்சை விடவில்லை. அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு முறை இறக்கினார். இருபது வருஷப் பழக்கம். என் வாய் தானாக நின்றது. டிரைவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் எஞ்சினை அணைத்தார்.

இலைமேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, புதருக்குள்ளே எங்கேயோ, படக்கென்று மூங்கில் ஒடிந்தது. இன்னொன்று. அதன் பின்னால், ஈரத் துணியைக் கசக்குவது போல் நிதானமாக மெல்லும் சத்தம். யானை கண்ணில் படவே இல்லை. அவர் வலது காதை அந்தப் பக்கம் கொடுத்துக் கண்ணை மூடியிருந்தார். கேட்கிறதா, இல்லையா? வாய் திறந்து கேட்கவும் வழியில்லை.

அவர் கண்ணைத் திறந்தபோது, நான் விரலை வளையமாக்கிப் புருவத்தை உயர்த்தினேன். பீஸ் சரியா?

என் விரலைப் பார்த்தார். பிறகு அவரும் வளையம் காட்டினார்.

இப்போது அவருக்கு இரண்டு காதும் கேட்காது. என் பட்டறையில் காதை மூடாமல் பிரஸ் பக்கம் போகிறவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. புதன்கிழமைதோறும் சேக்காட்டு வீட்டிலிருந்து அவர் பட்டறைக்கு வந்துவிடுவார். என் பெருமைகளையெல்லாம் கையாலேயே சொல்வேன். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்ப்பார். அப்புறம் உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு முறை இறக்குவார்.

வேறு யார் சொன்னாலும் நிறுத்தாதவன் நான், கையைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.