வெளிச் சந்தை நிலவரம்

"மூணு மணிக்குள்ள எனக்கு அந்த நம்பர் வேணும்மா. இல்லேன்னா அவனோட சேர்ந்து நீயும் கிளம்பிடு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.

எச்.ஆர். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த 'அவன்', வங்கியின் பணப் பரிமாற்ற மென்பொருளைப் பத்து வருடமாகத் தனி ஆளாகக் கட்டி மேய்க்கும் புரோகிராமர். ஆபீசில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். இப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்து, ஒன்றரை மடங்குச் சம்பளம் கேட்டிருந்தான். கிடைக்காவிட்டால் இன்றைக்கே ராஜினாமா. வெளியில் இந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று விசாரித்து, யாரும் அவ்வளவு தரமாட்டார்கள் என்று நிரூபிப்பது அவள் தலையில் விழுந்தது.

மணி ஒன்றரை. எதிர்க் கட்டடத்து வங்கி அதே வேலைக்கு விளம்பரம் கொடுத்திருந்தது. குரலில் கொஞ்சம் அலுப்பை வரவழைத்துக்கொண்டு, தானே ஒரு புரோகிராமர் என்று போன் போட்டாள்.

"சம்பளமெல்லாம் போன்ல சொல்ல மாட்டோம். நேர்ல வாங்க."

"எனக்கு இப்ப நிக்க நேரமில்லையே..."

"அந்த மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும். ரெண்டு மணிக்கு வந்துடுங்க!"

வேறு வழியில்லாமல் தெருவைக் கடந்து போனாள்.

பதினோராவது மாடியில், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒருவர் நோட்டும் கையுமாகக் காத்திருந்தார்.

"இப்ப எவ்வளவு வாங்கறீங்க?"

ஊமைக்கோட்டானின் சம்பளத்தைச் சொன்னாள்.

"ஒன்றரை மடங்கு தந்தா வருவீங்களா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே ஒன்றரை! இதைக் குறைக்க ஒரே வழி, ஒன்றும் தெரியாதவள் போல நடிப்பது. நடிக்கவே தேவையிருக்கவில்லை.

"வாடிக்கையாளர் அனுப்பின பணம் பாதி வழியில சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அழுவேன் சார்."

அவர் மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தார். "எங்க ஆளும் அதேதான் பண்றார். ரெண்டு மடங்கு?"

"ஐயோ, எனக்கு வேலையே வேணாம் சார்" என்று எழுந்தாள்.

"ரெண்டரை?"

"கம்ப்யூட்டரைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும் சார்!"

"மூணு! எந்த நம்பருக்குத்தான் சரின்னு சொல்வீங்க? அதையாவது சொல்லிட்டுப் போங்க!" அவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

இன்னும் ஒரு நிமிடம் நின்றால் நாலுக்குப் போய்விடுவார். லிப்டுக்குக்கூடக் காத்திராமல் பதினோரு மாடியும் இறங்கி ஓடினாள். வாசலருகே வரும்போது மணி மூன்று. போன் அலறியது.

"நம்பர் என்னம்மா?"

"மூணு மடங்கு சார்" என்றாள், மூச்சிரைக்க. "அதுவும் ஒண்ணும் தெரியாதவங்களுக்கு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜரின் குரல், இதுவரை அவள் கேட்டிராத குழைவோடு: "தம்பி, அந்த ராஜினாமா லெட்டரை உள்ள வைப்பா. முதல்ல உக்காரு, தண்ணி குடி. ரெண்டு மடங்கா போட்டுடறேன், சரியா?" காகிதம் சரசரத்தது. "கையெழுத்துப் போட்டாச்சும்மா. நல்ல வேளை, தப்பிச்சோம்!"

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

பார்வையாளர் பாஸை வாங்கிக்கொள்ள வாசல் காவலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"காலையிலேருந்து இதே இடத்துல நின்னு மேனேஜருக்கு மூணு மடங்குன்னு சொன்ன ஆறாவது எச்.ஆர். நீங்க மேடம், மேல இருக்கற எங்க எச்.ஆர். சாரும் ஆளெல்லாம் எடுக்கலை, உங்களை மாதிரிதான், வெளியில என்ன சம்பளம்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கார்."