கேபிளைக் கழற்றாத கனவான்

இந்த ஊரில் பறவை பார்ப்பவர்கள் விடிந்ததும் ஏரி ஏரியாக அலைகிறார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. நான் பார்க்கும் பிராணி வெளிவட்டச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில், ஏசிக்கு நேர் கீழே, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும். அதன் கூவலை ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது: "என் மேஜையில ஓடுதே!"

நீங்களும் கேட்டிருப்பீர்கள். பொருள் ஊரெல்லாம் படுத்துக் கிடக்கும். வாங்கியவன் திட்டுவான், விற்றவன் ஒளிந்துகொள்வான், ரிப்பேர்க்காரன் கையை விரிப்பான். இவர் மட்டும் தன் மேஜையைக் காட்டி, அங்கே நல்லபடியாக மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பெட்டியைக் காட்டி, உலகத்தைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பார். அதாவது உலகத்தில்தான் கோளாறு. மேஜையில் இல்லை.

இவருக்கென்று சில மந்திரங்கள் உண்டு. முதல் மந்திரம், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" இரண்டாவது, "லேட்டஸ்ட்தான் போட்டிருக்கீங்களா?" மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம்: "லாக் அனுப்புங்க." லாக் என்பது கருவி தன் கதையைத் தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு. செத்துப்போன கருவி எதை எழுதும், எந்தக் கையால் எழுதும்? அதெல்லாம் இவருக்குத் தெரியாது. இறந்தவரே தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று தன் இறப்புச் சான்றிதழை வாங்கி வரவேண்டும் என்பது இவர் கட்சி.

வீட்டிலும் இதே கதைதான். குழாய் சொட்டுகிறது என்பாள் மனைவி. இவர் எழுந்து போய், குழாய்க்கு முன்னால் மூன்று நிமிடம் கைகட்டி நிற்பார். "இப்ப சொட்டலையே." பெண் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும். "இப்ப வலிக்குதா?" "இப்ப இல்லப்பா." "அப்ப சரியாயிடுச்சு, போ." புகார் மூடப்பட்டது. குழாய் என்னவோ இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இவர் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் மரியாதைக்கு நிறுத்திக்கொள்கிறது.

இந்த இனத்தில் நான் நெருங்கிப் பார்த்த உருப்படி, எங்கள் கம்பெனியின் சீனிவாசராகவன். கெர்னல் ஆள். கணினிக்குள் எல்லோருக்கும் கீழே இருந்துகொண்டு எல்லோரையும் ஆட்டிவைக்கிற அடிமட்ட நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதிலும் இவருக்குத் தனித் துறை: சும்மா இருப்பது. சிரிக்காதீர்கள். சும்மா இருப்பது சுலபம் என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணினியின் மூளைக்கு அதிலும் படிகள் உண்டு. வேலை இல்லையென்றால் முதலில் கண்ணை மூடும், அப்புறம் கோழித்தூக்கம், ரொம்ப நேரம் யாரும் கூப்பிடவில்லையென்றால் ஆழ்ந்த தூக்கம். தூக்கம் ஆழமாக ஆக பேட்டரி மிச்சம். ஆனால் வேளை வந்ததும் எழுந்தாக வேண்டும். எப்போது எந்தப் படியில் தூங்கலாம், யார் எழுப்புவார் என்று எழுதிவைப்பதுதான் இவர் உத்தியோகம்.

நாங்கள் செய்யும் கருவி ஒரு சின்னப் பெட்டி. பால் வண்டிக்குள் ஒட்டிவைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, குளிர்ச்சி எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, பச்சை விளக்கை ஒருமுறை மினுக்கிவிட்டு மறுபடி தூங்கும். அது எழுந்திருக்காவிட்டால் பால் திரிந்தது யாருக்கும் தெரியாது, குழந்தை குடிக்கும்வரை.

இந்தப் பெட்டியைக் கோத்து முடிப்பது ஊர்க் கோடியில் இருக்கும் பொம்மசந்திரா ஆலையில். அங்கே கடைசி மேஜையில் அமர்ந்து சோதித்து அனுப்புகிறவர் பாஞ்சாலி. நீலசந்திராக்காரர், காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டால்தான் ஷிஃப்டுக்கு வந்து சேர முடியும். அவர் கம்பெனி ஆளும் அல்ல, கான்ட்ராக்டரின் ஆள். கான்ட்ராக்டர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: ஒருவர் பெயருக்கு எதிரே 'சோதித்தவர் பிழை' என்று மூன்று குறி விழுந்தால், மறுநாள் வேலைக்கு வரவேண்டாம்.

பாஞ்சாலிக்கு இரண்டு விழுந்திருந்தது. இரண்டும் எங்கள் சீனிவாசராகவன் உபயம்.

நடந்தது இதுதான். பெட்டிகளை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போன பாஞ்சாலி, திரும்பி வந்து பார்த்தால் ஒன்றும் மினுக்கவில்லை. மொத்தமாகத் தள்ளுபடி என்று எழுதி எங்களுக்கு அனுப்பினார். சீனிவாசராகவன் அதில் ஒன்றை எடுத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டி, தன் சோதனைக் கேபிளைச் செருகினார். எழுந்தது. மினுக்கியது. மாலைவரை மினுக்கியது. 'என்னிடம் ஓடுகிறது. சோதித்தவர் பிழை' என்று எழுதி மூடினார். அடுத்த மாதமும் அதே அலமாரி, அதே கேபிள், அதே வாக்கியம்.

அந்தக் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மேஜையில் அந்தப் பெட்டியை நீங்கள் பார்க்க வேண்டும். ஐசியூவில் படுத்திருக்கும் பெரியவர் மாதிரி, இந்தப் பக்கம் ஒரு குழாய், அந்தப் பக்கம் ஒரு குழாய். ஐசியூவில் யாராவது தூங்கியிருக்கிறார்களா? கண்ணயர்ந்தால் நர்ஸ் வந்து உலுக்கி, "தூங்கறீங்களா?" என்று கேட்பாள். கேபிள் செருகியிருக்கும்வரை பெட்டிக்குள் மூளையாக இருக்கும் சில்லு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவே போகாது. தூங்காததை எழுப்புவதில் என்ன கஷ்டம்?

மூன்றாம் மாதமும் பாஞ்சாலி தள்ளுபடி எழுதினார். இந்த முறை இவர் போனிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், லாக் இருக்கா?"

"லாக் எல்லாம் எனக்கென்ன சார் தெரியும். விளக்கு எரியல."

"ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் எரிய மாட்டேங்குது?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு மட்டும் எப்படி எரியுது?"

இவர் போனைப் பார்த்தார். போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சரக்குக்குப் பால் கம்பெனி நெருக்கியதால், எங்கள் மேலாளர் இவரையும் துணைக்கு என்னையும் நேரில் போய் முடிவு சொல்லிவிட்டு வரும்படி அனுப்பிவைத்தார். முடிவு என்றால் என்ன? மூன்றாவது குறி போடுவதா, வேண்டாமா. அவ்வளவுதான்.

ஓசூர் ரோட்டில் கார் நகர்ந்து நகர்ந்து போகும்போது மடியில் பையை அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்?

பொம்மசந்திராவில் எங்களை வரவேற்றது லைன் சூப்பர்வைசர் பிரகாஷ். பாஞ்சாலி எழுந்து நின்றார், வணக்கம் சொன்னார், ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். சீனிவாசராகவன் பையிலிருந்து கேபிளை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் சங்கிலியை எடுக்கும் தோரணையில் எடுத்தார். செருகினார். அரை மணி ஆயிற்று. மூன்று முறை மினுக்கியது.

"பாருங்க. ஓடுதே!"

பாஞ்சாலி விளக்கைப் பார்க்கவில்லை. ஒயரைப் பார்த்தார். "நோடி சார், பாருங்க, நான் சும்னே கேக்கறேன். பால் வண்டியிலயும் இந்த ஒயரப் புடிச்சிக்கிட்டு நீங்களே போவீங்களா?"

பிரகாஷ் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"கேபிள் இல்லாம உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"எனக்கு ஒயர் இல்லாமத்தான் சார் தெரிஞ்சுது. மூணு தடவ எழுதியும் அனுப்பினேன்."

மாட்டிக்கொண்டால் இந்த இனம் கைக்கடிகாரத்தைப் பார்க்கும். பார்த்தார். பாஞ்சாலி ஒயரைத் தானே உருவி மேஜை ஓரத்தில் சுருட்டி வைத்தார். "ஒரு மணி நேரம் யாரும் தொடக்கூடாது சார். அவ்ளோதான்."

ஒரு மணி நேரம் ஒரு பொருளைத் தொடாமல் இருப்பது! சும்மா இருப்பதற்கே சம்பளம் வாங்கும் நிபுணர் அன்று பட்ட பாட்டை நான் எழுதியாக வேண்டும். நான்காவது நிமிடத்தில் கை நீண்டது. "சார்." ஏழாவது நிமிடத்தில், தூசி தட்டுவதுபோல. "சார்!" பத்தாவது நிமிடத்தில், தட்டிப் பார்க்கலாமே என்று. பாஞ்சாலி ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுவந்து, விளக்கு மட்டும் தெரியும்படி, பெட்டிமேல் கூடைக்குள் கோழியை அடைப்பதுபோலக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மினுக்கியது. இன்னொருமுறை மினுக்கியது. பாஞ்சாலியின் கை தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மூன்றாவது முறையும் மினுக்கிவிட்டது. சீனிவாசராகவன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பிறகு பத்து நிமிடம் போயிற்று. விளக்கு எரியவில்லை. பதினைந்து. இருபது. எரியவில்லை.

நம் கனவான் என்ன செய்தார் என்கிறீர்கள்? கேபிளை எடுத்தார். "இருங்க, மாட்டிப் பாத்துடலாம்."

"மாட்டினா முழிச்சிக்கும் சார்," என்று தட்டின்மேல் இன்னொரு கையையும் வைத்தார் பாஞ்சாலி. "மொதல்ல இதுல எழுதுங்க." சோதனைப் பதிவேட்டைத் திறந்து நீட்டினார். 'நேரில் பார்த்தவர்' என்றொரு கட்டம் இருந்தது.

இவர் பேனாவை வாங்கி, 'மேலும் ஆராய வேண்டியுள்ளது' என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்பறம் ஆராய்ங்க சார். எரிஞ்சுதா, எரியலையா?"

"எரியல."

"அதத்தான் சார் எழுதணும்."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். மை காயுமுன் பிரகாஷ் அதைப் படம் பிடித்து கான்ட்ராக்டருக்கு அனுப்பினார். "ஆயித்து, பாஞ்சாலியக்கா. மூணாவது குறி உழாது." பாஞ்சாலி தட்டை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சீனிவாசராகவன் கெட்டிக்காரர், அதுதான் வயிற்றெரிச்சல். திரும்பி வந்த ஒரு மணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சில்லு ஆழ்ந்து தூங்கும்போது, அதை எழுப்பவேண்டிய கடிகாரமும் சேர்ந்து தூங்கிவிடும். 'இந்தத் தூக்கத்தில் கடிகாரம் நிற்கும், வேறு ஆளை எழுப்பச் சொல்' என்று கெர்னலுக்கு ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பழைய சில்லுக்கு எழுதியதைப் பிரதியெடுத்துப் புதியதற்கு ஒட்டியபோது அந்த வரி இல்லை. ஒட்டியவர் யார் என்று கோப்பின் தலையிலேயே இருந்தது. அவர் பெயர்தான்.

வரியைச் சேர்த்தார். பெட்டிகள் தூங்கின, எழுந்தன. 'மிகச் சிக்கலான உறக்கக் கோளாறு ஒன்றைக் கண்டறிந்த விதம்' என்று முப்பத்திரண்டு ஸ்லைடு போட்டுப் பேசினார். கைதட்டினோம். பொம்மசந்திரா என்ற ஊர் எந்த ஸ்லைடிலும் வரவில்லை. 'களத்திலிருந்து கிடைத்த ஒரு சிறு தகவல்' என்று ஓர் இடத்தில் வந்தது.

பாஞ்சாலி வேலையில்தான் இருக்கிறார். பழைய இரண்டு குறிகளும் இருக்கின்றன. மூடிய புகாரைத் திறந்து திருத்த, மூடியவரே ஒரு மெயில் போடவேண்டும். இரண்டு வரி போதும். பிரகாஷ் இரண்டு முறை கேட்டுவிட்டார். சீனிவாசராகவன் பதில் எழுதினார்: "எந்தக் குறி? என் திரையில ஒண்ணும் தெரியலையே. ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க." அடுத்து எந்தச் சில்லறைத் தவறு நடந்தாலும் அது மூன்றாவதாக எண்ணப்படும். அது தெரிந்துதான் பாஞ்சாலி தினமும் அந்த மேஜையில் உட்காருகிறார்.

இப்படிப்பட்ட ஆளோடு எப்படித்தான் வேலை செய்கிறாய் என்று என்மேல் இரக்கப்படுகிறீர்கள், இல்லையா? வேண்டாம். ஒரு புகாரை ஒருவர் தனியாக மூட முடியாது; 'சரிபார்த்தவர்' என்று இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும். அந்த இரண்டு குறிகளிலும் அந்த இடத்தில் இருப்பது என் பெயர். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அவர் மேஜையை எட்டிப் பார்த்தேன், மினுக்கியது, போட்டுவிட்டேன். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவன், எதற்கு வம்பு என்று.

நீங்கள் அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டீர்கள். அதனால் உங்களை ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு விடுகிறேன். கடைசியாக உங்களிடம் ஒருவர் வந்து 'இது வேலை செய்யலை' என்றாரே, அப்போது நீங்கள் முதலில் ஏற இறங்கப் பார்த்தது அந்தப் பொருளையா, வந்தவரையா?