கோவைப்பழச் சிவப்பு

மாட்டிக்கொள்ள ஒரு நொடிதான் ஆயிற்று. கழற்றத்தான் வழி தெரியாமல், பின்கட்டு வாஷ்பேசின் முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றார் அன்புச்செல்வன்.

கைக்கடிகாரம் அவருடையது அல்ல. அவர் மகள் காவியாவைப் பெண் பார்க்க வந்துவிட்டுச் சற்று முன்புதான் திட்டக்குடிக்குக் கிளம்பிப் போன சேரனுடையது. கேசரி சாப்பிட்ட கையைக் கழுவும்போது கழற்றி வைத்தவன், மறந்துவிட்டுப் போயிருந்தான்.

சேரன் இதே விருத்தாசலத்தில் செராமிக் படித்துவிட்டு, சுவிட்சர்லாந்தில் ஒரு கடிகாரக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தான். அந்தக் கடிகாரத்தின் உடம்பு, பட்டை எல்லாமே பீங்கான். நல்ல கோவைப்பழச் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கொண்டுவந்த குழுவில் அவனும் ஒருவன் என்று கம்பெனியே பரிசாகக் கொடுத்ததாம்.

வேறு யாராக இருந்தாலும் அதை எடுத்துப் பத்திரமாக பீரோவில் வைத்திருப்பார்கள். அன்புச்செல்வனால் முடியவில்லை. அவர் செராமிக் எஸ்டேட்டில் மின்கம்பத்துக்குப் பீங்கான் கப்பு செய்கிற கம்பெனியில் சூளை மேஸ்திரி. அவர் சூளையிலிருந்து இதுவரை வெளியே வந்தவை இரண்டே நிறங்கள். ஒன்று வெள்ளை, மற்றது காப்பிக்கொட்டை. ஒரு தடவை முதலாளி ஆசைப்பட்டார் என்று சிவப்பில் ஒரு பூச்சாடி வைத்துப் பார்த்தார். சிவப்பாக உள்ளே போனது, ஆட்டு ஈரல் மாதிரி வெளியே வந்தது. சூடு ஏறினால் முதலில் ஓடிப்போகிற நிறம் சிவப்புதான். அது இங்கே மேல்பூச்சாகக்கூட இல்லாமல், உள்ளே வரைக்கும் ஊறிப்போய், வாஷ்பேசின் ஓரத்தில் சிரித்துக்கொண்டு கிடந்தது.

"என்னாங்க பண்றீங்க இங்க?" என்று வந்த வாசுகி, கணவரின் கையைப் பார்த்ததும் வாயில் கைவைத்தாள். "பையன் வாட்சை நீங்க எதுக்கு மாட்டுனீங்க?"

"கனமே இல்லடி. எடை எவ்ளோ இருக்கும்னு பாக்கலாம்னு..."

"எடை பாக்கறவரு தராசுல வெக்கணும். கழட்டுங்க மொதல்ல."

"அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

சேரனின் கை முருங்கைக்காய். அன்புச்செல்வனின் கை சுரைக்காய். பட்டை இறுகப் பிடித்திருந்தது. அடியில் பூட்டு மாதிரி ஏதோ இருந்தது, அது எப்படித் திறக்கும் என்றுதான் தெரியவில்லை. வாசுகி சோப்புப் போட்டாள். அசையவில்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். இப்போது பூட்டைப் பிடிக்கவே முடியாமல் விரல் வழுக்கியது. கடைசியில் அன்புச்செல்வன் காய் நறுக்கும் கத்தியை எடுத்துப் பூட்டின் இடுக்கில் விட்டு நெம்பினார்.

டப்பென்று ஒரு சத்தம்.

இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து பார்த்தால், முனை உடைந்து கிடந்தது கத்தி.

"பாரு வாசுகி! ஒரு கீறல் உண்டான்னு பாரு!" அவர் குரலில் பெருமை பொங்கியது. "எஃகையே முறிச்சிப் போட்டுடுச்சு. இதுல்ல பீங்கான்!"

"அது எங்கம்மா வூட்டுக் கத்தி" என்றாள் வாசுகி.

அப்போது போன் அடித்தது. சேரன்.

"மாமா, வாட்சை உங்க வூட்லயே விட்டுட்டு வந்துட்டேன்னு நெனைக்கிறேன். நாளைக்கு வந்து வாங்கிக்கவா?"

இருக்கிறது தம்பி, ஆசையில் போட்டுப் பார்த்தேன், மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. பையனும் பெண்ணும் கொல்லையில் நின்று ஒரு காப்பி ஆறுகிற நேரம் பேசியதோடு சரி. இந்த நிலைமையில், வந்தவன் பொருளை எடுத்து மாட்டிக்கொண்ட மாமனார் என்று பேர் வாங்குவதா?

"வாட்சா?" என்றது அன்புச்செல்வனின் வாய், அவரைக் கேட்காமலே. "இங்க ஒண்ணும் காணலியே தம்பி. தேடிப் பாக்குறோம்."

வாசுகி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனார். வாட்ச் கடை அப்துல் மாலிக் அவருக்கு வெகுநாள் பழக்கம். சட்டைக் கையை மேலே ஏற்றியதும், பாய் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

"மாஷா அல்லா! அன்பு, இந்த மாதிரி வாட்சை நான் போன்லதான் பாத்திருக்கேன். எந்த மகராசன் செஞ்சான் இந்தக் கலரை?"

"அந்த மகராசன்தான் பாய் என் வூட்டுக்கு மாப்பிள்ளையா வரணும். சீக்கிரம் கழட்டு."

பாய் உடனே கழற்றவில்லை. முதலில் எதிர்க்கடை டீ மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் வந்தார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் அன்புச்செல்வனின் கையைக் கோயில் யானையின் துதிக்கையைத் தொடுவதுபோல பயபக்தியோடு தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடி மாதிரி வழவழப்பு என்றார். இன்னொருவர் இது பீங்கானே இல்லை, பவளம் என்று சாதித்தார்.

பிறகுதான் பாய் வேலையில் இறங்கினார். பூட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன பட்டன் இருப்பதைக் கண்டுபிடித்து அமுக்கினார். திறக்காமல் போகவே, அதன் ஓரத்தில் மெல்லிய ஊசியை விட்டுத் திருகினார்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு..." என்றவர் நிறுத்தினார்.

"என்னா வந்துச்சு?"

"ஊசி பாதிதான் வந்துச்சு. மீதி உள்ள இருக்குது."

இதுவரை அமுங்கவாவது செய்த பட்டன் இப்போது அசையவே மறுத்தது. மணிக்கட்டு வேறு அதிரசம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது.

"இப்ப என்னா பாய் செய்யிறது?"

அப்துல் மாலிக் நெடுநேரம் யோசித்தார். "கழட்ட முடியாது அன்பு. மறைக்கலாம்."

மருந்துக் கடையில் வாங்கிய துணியை முழங்கை வரை சுற்றிக்கொண்டு அன்புச்செல்வன் வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் சேரன் உட்கார்ந்திருந்தான். காவியா எதிரே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லூர் ஸ்கூலில் கணக்கு டீச்சர் அவள். அரையாண்டு லீவு.

"அய்யோ, கைக்கு என்னாப்பா?"

"சூளையில சுட்டுடுச்சும்மா. லேசாத்தான்."

சேரன் எழுந்து வந்து கட்டைப் பார்த்தான். அது ஓரிடத்தில் மட்டும் சின்னக் குன்றுபோல் மேடிட்டிருந்தது. "ரொம்ப வலிக்குதா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

"வலியை வுடுங்க தம்பி. உங்க வாட்சுதான் இன்னும் கெடைக்கல."

"நாங்க தேடுறோம்ப்பா. நீங்க ஒக்காருங்க" என்றாள் காவியா.

தேடினார்கள். கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் தேடினார்கள். மோட்டார் ரூமில் தேடினார்கள். மாடிக்குப் போனவர்கள் வெகுநேரம் இறங்கவில்லை. இடையிடையே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மாடியில எப்புடிம்மா போயிருக்கும்?" என்று கீழிருந்து கேட்டார் அன்புச்செல்வன்.

"தேடுறதுன்னு வந்தா எல்லா எடத்துலயும் தேடணும்ப்பா!"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "தங்கமான புள்ள வாசுகி. அவ்ளோ ஒசத்தியான பொருள் போயிடுச்சேன்னு மூஞ்சியில ஒரு வாட்டம் இருக்குதா பாரு."

"நீங்க உண்மையைச் சொல்லித் தொலைச்சிடுங்க."

"நாளைக்கு."

மறுநாளும் சேரன் தேடுவதற்கு வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். அன்புச்செல்வன் மட்டும் குளிக்க முடியாமல், வேலைக்குப் போக முடியாமல், பொய்க்கு மேல் பொய்யாகச் சுட்ட கதையை வளர்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு தடவைகூட அதில் மணி பார்க்க முடியவில்லை. எப்போதாவது பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு துணியை விலக்கிப் பார்ப்பார். சன்னல் வெயில் பட்டதும் அந்தச் சிவப்பு திகுதிகுவென்று எழும். சோப்பு, எண்ணெய், கத்தி, ஊசி எல்லாம் பட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் இருந்தது. அவமானம், பயம் எல்லாம் மறந்து, "எப்புடிடா இதைச் சுட்டீங்க?" என்று அதனிடமே கேட்பார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சேரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவர் வாயைத் திறக்கவும், வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கியவர் சேரனின் அம்மா நீலாவதி. திட்டக்குடியில் நர்ஸ். கையில் மருந்துப் பை.

"சுட்ட புண்ணை இப்புடி மூடியே வெச்சா சீழ் புடிச்சிடும்ண்ணே. கையை நீட்டுங்க."

"வேணாம்மா, ஆறிடுச்சு."

"ஆறுனதை நான் பாக்கறேன்."

நர்ஸ் பிடித்த கையை இழுத்துக்கொள்ள யாரால் முடியும்? துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. கடைசிச் சுற்றுக்குக் கீழே, கூடம் முழுக்கத் தெரியும்படி, கோவைப்பழச் சிவப்பு.

அன்புச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துக்கணும்னு நெனைக்கலம்மா. ஆயுசு பூரா சூளை வாயில நிக்கிறேன், இப்புடி ஒரு செவப்பை நான் பாத்ததே இல்ல. என் கையில ஒரு தடவை எப்புடி இருக்குதுன்னு பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு. அப்புறம் கழட்டத் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சேரன் அம்மாவின் பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்து ஒடிந்த ஊசியை உருவினான். பூட்டின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கினான். பட்டை அடங்கிய பிள்ளையாகத் திறந்துகொண்டது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"ஒரு கீறல் இல்ல மாமா. எங்க லேப்ல கூட இதை இவ்ளோ பாடு படுத்துனதில்ல."

அன்புச்செல்வனுக்கு உயிர் திரும்பியது. வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நீலாவதியைக் கும்பிட்டார்.

"நல்லவேளை வந்தீங்கம்மா. கட்டு போட்ட மொத நாளே வந்திருந்தீங்கன்னா இந்த அவஸ்தையே இருந்திருக்காது."

நீலாவதி அவிழ்த்த துணியை நிதானமாகச் சுருட்டினார்.

"நான் மொத நாளே கெளம்பிட்டேன்ண்ணே. 'வாட்சு அப்பா கட்டுக்குள்ள பத்திரமா இருக்குது அத்தை, ரெண்டு நாள் கழிச்சு வந்து அவுருங்க, நாங்க இன்னும் பேசி முடிக்கல'ன்னு உங்க பொண்ணுதான் போன் பண்ணி நிறுத்துச்சு."