இடி இடித்ததும் நான் பிடுங்கிய பிளக்

மாமனார் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு கலை. புதுமாப்பிள்ளையாக இருந்தபோது அது எனக்குக் கைவரவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

எங்கள் ஊரான ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் மேகம் உறுமினாலே எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு அறைக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்குவோம். (ஒருமுறை இடியில் டிவி புகைந்துபோனதிலிருந்து தொற்றிய பரம்பரை வியாதி.) வேறு எதிலும் தேறாத நான் இதில் மட்டும் வீட்டிலேயே முதல் ஆள்.

என் மனைவி கவிதா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஒரு திங்கட்கிழமை காலை மேலதிகாரிகள் முன்னால் அவள் பேச வேண்டியிருந்தது. அது நன்றாக அமைந்தால் பிரிவுத் தலைவி பதவி. பல வாரமாக உழைத்துத் தயாரித்த ஸ்லைடுகளெல்லாம் அவளுடைய பழைய லேப்டாப்பில்தான் இருந்தன. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சுவர் பிளக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் ஞாயிறு மதியம் அவள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எங்களைப் பார்க்க வந்திருந்த மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே இடித்தது. லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மெல்ல மங்குவதும் ஒளிர்வதுமாக இருந்தது. கரண்டு ஏறி இறங்குகிறது, மெஷின் திணறுகிறது என்று என் மேலான அறிவு தீர்ப்புச் சொன்னது. பிடுங்கினேன். விளக்கு அணைந்தது.

"காப்பாத்திட்டேன் மாமா," என்றேன்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "மாப்ள, அது தூங்கிக்கிட்டுல்ல இருந்துச்சு. பேட்டரி இல்லாததுல பிளக்கப் புடுங்கினா, சேவ் பண்ணாததெல்லாம் போச்சு லா. காலையிலேர்ந்து அவ அதத்தான் தட்டிக்கிட்டு இருந்தா."

அதோடு நிறுத்தியிருந்தாலும் மானம் தப்பியிருக்கும். பொறுப்பான கணவனாக நடந்துகொள்வோம் என்று அவளுடைய மேனேஜர் மிஸ்டர் லிம்மைக் கைபேசியில் அழைத்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது அவர் கொடுத்த நம்பர் என்னிடம் இருந்தது. (மாமா தலையில் கை வைத்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.) ஸ்லைடுகள் அழிந்துவிட்டன, தப்பு என்னுடையது, கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று மலாயும் ஆங்கிலமுமாக அழாத குறையாகச் சொன்னேன். தள்ளிவைக்க முடியாது, அவளுக்குப் பதில் வேறொருவர் பேசட்டும் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

கவிதா தலையில் துண்டோடு வந்தாள். லேப்டாப், போன் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் பிளக்கை மாட்டிப் பட்டனை அழுத்தினாள். திரை விழித்தது. பாதியில் விட்ட வாக்கியம் பாதியிலேயே நின்றது. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

"தூங்கப் போறப்பவே எல்லாத்தையும் டிஸ்க்ல ஒரு காப்பி எழுதி வைக்கிற மாதிரி செட் பண்ணியிருக்கேன்," என்றாள். "லைட் மெதுவா மின்னினா தூங்குது. லைட்டே இல்லன்னா கரண்டு இல்லாமலே தூங்குது. ரெண்டும் சாவு இல்லங்க."

"எப்பம்மா செட் பண்ணின?" என்றார் மாமா.

"கல்யாணமான வாரமே. மழை வந்தா இவங்க வீட்ல என்ன பண்றாங்கன்னு பாத்தேன்ல. போன் பண்ணுவாருன்னுதான் நெனைக்கல."

அந்த நிமிடம் அவள்மேல் வந்த மதிப்பு இன்றுவரை எனக்குக் குறையவே இல்லை. என்னைக் கட்டிக்கொண்ட ஒரே வாரத்தில் என்னை முழுசாகப் படித்து, அதற்கு ஏற்பாடும் செய்துவைத்திருக்கிறாள். நானோ அவளுடைய லேப்டாப் விளக்கைக்கூடப் படிக்கவில்லை.

அவளே லிம்மிடம் பேசி, கடைசி ஆளாகப் பேச அனுமதி வாங்கினாள். மறுநாள், எந்த மெஷினும் யாரும் எதிர்பாராத ஒரு முட்டாள்தனத்தைத் தாங்க வேண்டும் என்று ஆரம்பித்து, உதாரணத்துக்கு என்னைச் சொன்னாளாம். லிம்தான் முதலில் சிரித்தாராம். பதவி அவளுக்கே கிடைத்தது.

இப்போது அவள் பிரிவுக்கு எந்தப் புது மெஷின் வந்தாலும், ஓடும்போதே கரண்டைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அதற்கு என் பெயரையே வைத்து 'சேகர் டெஸ்ட்' என்கிறார்கள். போன வருஷ விருந்தில், புதிதாகச் சேர்ந்த ஓர் இன்ஜினியர் பெண்ணிடம் கவிதா என்னைத் தன் கணவர் என்று மட்டும் சொல்லி அறிமுகப்படுத்தினாள். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணே, நெஜமாவே சேகர்னு ஒரு ஆள் இருக்காரா?"