அரைக் கருவிக்கு உடையவன் வெள்ளி வென்ற கதை

ஸ்காபரோவில் அஜின்கோர்ட்டுப் பண்டகசாலையின் அடுக்குச் சந்துகளுக்கு அணியாய் விளங்குபவனே, அதன் பாரந்தூக்கும் ஃபோர்க்லிஃப்டைப் பாகன் மதயானையைச் செலுத்துவதுபோலச் செலுத்துபவனே, எப்பொருள் வாங்கினும் அதன் கையேட்டைக் கடைசிப் பக்கத்து மின்கலக் குறிப்புவரை வாசித்த பின்னரே பொத்தானைத் தொடுபவனே, கிளடிஸின் கொழுநனே, உலோகங்காணும் கருவியொன்றின் சரிபாதிக்கு உடையவனே, அன்புராசனே, உன் வெற்றியைச் சொல்லப் புகுந்தோம். எங்கள் நா தடுமாறாதிருக்கட்டும்.

கருவியின் மறுபாதிக்கு உடையவன் அவன் சகலன் ஜூலியஸ். கிளடிஸின் தங்கையை மணந்தவன். கையேடு என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடுபவன். இருவரும் சேர்ந்து வாங்கிய கருவியை நடுவே அறுத்துப் பங்கிட முடியாதாகையால், அது எவர் வீட்டில் வதிவது என்ற பெரும்பிணக்கு மூண்டது. கருவி ஜூலியஸின் கார் நிற்கும் கராச்சுக்குப் போனால் பனிவழிக்கும் சவள்களின் கீழே தூங்கும். தொட்டுப் பார்க்க ஆசை எழும்போதெல்லாம் அன்புராசன் மச்சாள் வீட்டுப் படியேறி, தேநீர் குடித்து, ஜூலியஸின் கார்க் கதை கேட்டு, அதன் பின்னரே வாய் திறந்து கேட்க வேண்டும். இதை நினைத்தபோது அவனுக்கு உறக்கம் கெட்டது.

தீர்ப்பைக் கிளடிஸ் சொன்னாள்.

"ரெண்டு பேரும் உந்தக் கல்லுக்குள்ளை தேடுங்கோ. ஆர் முதல் வெள்ளி எடுக்கிறாரோ அவரின்ரை வீட்டிலை உது இருக்கட்டும். பொழுதுபடமுதல் முடியுங்கோ. எனக்குத் தக்காளிப் பாத்திக்குக் கரை கட்டக் கல்லு வேணும்."

அவள் சுட்டிய கற்கள், வடக்கே பழைய வெள்ளிச் சுரங்க ஊரொன்றில், நிலத்துக்காரரின் அனுமதியோடு இருவரும் வான் வண்டியில் அள்ளி வந்தவை. அவ்வூர்ப் பாறைகளில் வெள்ளி வேறெதனோடும் கரைந்து மறைந்து கிடப்பதில்லை. வெள்ளியாகவே, மரவேர்போலக் கல்லுக்குள் ஓடிக் கிடக்கும். முற்காலத்துச் சுரங்கத்தார் கண்ணால் பார்த்துப் பொறுக்கினார்கள். கண்ணுக்குத் தப்பியதைக் கழிவென்று கொட்டினார்கள். அக்கழிவின் ஒரு சிறு குன்று இப்போது அன்புராசனின் வீட்டுப் பின்வளவில், மேப்பிள் மரத்தடியில், இரு வேந்தர் படைகளுக்கும் நடுவே நின்ற கோட்டைபோல வீற்றிருந்தது.

போர்க்கருவியின் இயல்பைக் கேளுங்கள். நீண்ட தண்டின் அடியில் வட்டத் தட்டு. தட்டினுள் செப்புக் கம்பிச் சுருள். சுருள் காந்தப்புலத்தை நிலத்துள் ஏவுகிறது. அது கல்லில் பட்டால் கல் ஊமையாகக் கிடக்கும். உலோகத்தில் பட்டாலோ, அதனுள்ளே மின்னோட்டம் சிறு நீர்ச்சுழிபோலச் சுழன்று, தானும் ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். சுருள் அதைக் கேட்டு ஓலமிடும். தங்கமாயினும் வெள்ளியாயினும் இதுவே முறை. இரும்பும் இவ்வாறே மறுமொழி சொல்லும். அதன் வாயை அடைக்கக் கருவியில் ஒரு திருகு உண்டு. இரும்பை அடக்கினால் சிறுவெள்ளியும் சேர்ந்து அடங்கிவிடக்கூடும் என்று கையேட்டின் ஒரு மூலையில் எழுதியிருந்ததை உலகில் அன்புராசன் ஒருவனே வாசித்திருந்தான். ஆகவே அத்திருகைத் திறந்துவிட்டான். எல்லா உலோகமும் பேசட்டும் என்றான்.

முதல் முறை ஜூலியஸினுடையது. ரப்பர்ச் செருப்பும் அரைக்காற்சட்டையுமாக அவன் களம் புகுந்து குன்றின்மேல் தட்டை வீசினான். கருவி மூச்சுவிடவில்லை. புலம் தூரம் செல்லச் செல்ல விரைந்து மெலிவது. சிறுவெள்ளியாயின் ஒரு சாண் ஆழத்துக்கு அப்பால் அதற்குக் கேட்காது. குன்றின் வயிற்றுள் என்ன இருந்ததென்று மேலே வீசியவனுக்கு எப்படித் தெரியும்.

"அண்ணை, இவ்வளவு தூரம் ஓடிப் போய் றோட்டுக்குப் போடுற கல்லை எல்லே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறம்" என்றான்.

அன்புராசன் எழுந்தான். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்தான். கைக்குத் தோலுறை பூண்டான். முழங்காலுக்கு மெத்தை கட்டினான். உருளும் கல்லிலிருந்து விரல்களைக் காக்கவென, பண்டகசாலைக்கு அணிந்து செல்லும் சேஃப்டி சப்பாத்துகளை, முனையிலே உருக்குக் கவசம் பொதிந்த அம்மாவீரக்கழல்களை, இருகாலிலும் இறுக்கினான். கையேடு உரைத்தபடி கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, புல்லில் வைத்து, உருண்டோடாதபடி சப்பாத்து முனையால் அணைத்துக்கொண்டு, தட்டை மேலே கொண்டுவந்தான்.

கருவி அலறியது.

இரண்டாம் கல்லும் அலறியது. மூன்றாவதும் பின்வந்தவையும், சங்கொலி கேட்ட சேனைபோல ஒன்றன்பின் ஒன்றாக ஓலமிட, பக்கத்து வீட்டு நாய் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாட, வேலிக்கு அப்பால் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்தி எட்டிப்பார்க்க, குன்று முழுவதும் கரைந்து வரிசை வரிசையாகப் புல்வெளியில் பரவியபோது, அன்புராசன் கருவியைச் செங்கோலென ஊன்றி நின்று முழங்கினான்:

"இந்த வளவில் கல் என்று ஒன்றில்லை. கிடப்பதெல்லாம் வெள்ளியே."

ஜூலியஸ் வந்து கைகொடுத்தான். "தோத்துப்போனன் அண்ணை. வாசிச்சு வாசிச்சே எடுத்துப்போட்டியள்."

"அப்ப என்ரை தக்காளிக்குக் கல்லில்லையோ?" என்றாள் கிளடிஸ். "சரி, தேத்தண்ணி ஊத்திட்டன். சப்பாத்தோடை உள்ளுக்கை வராதேங்கோ."

ஜூலியஸ் செருப்பை உதறிவிட்டு முதலில் உள்ளே போனான். அன்புராசன் படியில் அமர்ந்து சப்பாத்துகளைக் கழற்றிக் கதவோரம் வைத்து, கருவியைச் சுவரில் சாய்த்தான். அது சரிந்து, தட்டு சப்பாத்தின் அருகே விழுந்து, அலறியது.

சப்பாத்தைத் தள்ளி வைத்தான். மௌனம். கிட்டக் கொண்டுவந்தான். அலறல். வெறுங்காலோடு புல்லில் இறங்கி ஒரு கல்லின்மேல் தட்டைப் பிடித்தான். மௌனம். அடுத்த கல். மௌனம்.

அப்போது அவன் நெஞ்சக் களத்தில் மூண்ட போரை எவர் பாடவல்லார். உள்ளே ஜூலியஸ் தொலைபேசியில் மனைவியிடம், "உங்கடை அத்தான் ஒரு வளவு வெள்ளி எடுத்திட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொண்டால் போதும்; கருவி அவனதே; கற்களைத் தார்ப்பாயால் மூடிவிடலாம்; கேட்பாரில்லை. ஆசைப்படை அலையலையாக ஏறி வந்தது. ஆனால் அவ்வீரனின் கோட்டையில் எப்படையாலும் பிடிக்க முடியாத ஒரு மதில் இருந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறதென்பதை ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டு போவதை அவனால் பொறுக்க முடியாது.

கதவைத் திறந்தான். "ஜூலியஸ், இஞ்சை ஒருக்கா வாரும். ஒரு வடிவான விஷயம் காட்டுறன்."

காட்டினான். சப்பாத்து முனையின் உருக்கும் காந்தமும் திருகும் எல்லாம் விளக்கினான். ஜூலியஸ் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப காலமை பஸ்ஸிலை வேலைக்குப் போற ஸ்காபரோச் சனம் எல்லாம் ஆளுக்கு ரெண்டு சுரங்கத்தோடை எல்லே போகுது அண்ணை."

போட்டி முடியவில்லை, முறையோ ஜூலியஸினுடையது. அன்புராசன் வியர்வை சிந்திப் பரப்பி வைத்த வரிசைகளின்மேல் அவன் ரப்பர்ச் செருப்போடு தட்டை வீசிக்கொண்டு நடந்தான். முன்பு குன்றின் வயிற்றில் கிடந்த, கைமுட்டியளவான கரிய கல்லொன்றின்மேல் கருவி பாடியது.

அன்புராசன் வெறுங்காலோடு ஓடிவந்து, ஓர் ஆணியால் அதைக் கீறினான். கருமையின் கீழே வெள்ளைக் கோடொன்று மின்னியது.

"காற்றுப் பட்டு மேலாலை கறுத்துப்போயிருக்கு. உள்ளுக்கை பாரும், வேர்மாதிரி ஓடுது. கல்லு இறுகினாப்பிறகு அந்த வெடிப்புக்குள்ளாலை சுடுதண்ணி ஓடியிருக்கு, அதுதான் இதைக் கொண்டுவந்து..."

"வெள்ளிதானே அண்ணை?"

"ஓம். வெள்ளிதான்." அவன் முகம், முடிசூடிய மன்னரின் முகத்தினும் பொலிந்து, மாலைச் சூரியனையே நாணச் செய்தது.

கருவி இப்போது ஜூலியஸ் வீட்டுக் கராச்சில் இருக்கிறது.