சிஸ்டத்துல இல்லாத வேலை

இனிமேல் பரபரப்பே கூடாது என்று பச்சமுத்து ஒரு நாள் காலையில் முடிவெடுத்தார்.

முடிவெடுக்கும்போது அவர் ஒரு கையால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். மறு கையால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். களமருதூர் விவசாயி ஒருவர் மோட்டாருக்கு வாஷர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். இவர் வாய் நிறைய நுரையோடு பதில் சொன்னார். அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, அன்றைக்குக் கடைப்பக்கமே வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் பச்சமுத்து. அவருக்குள்ளேயும் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். அதற்கு ஸ்விட்ச் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் ஃபேனில் தூசி தெரியும். துடைக்க ஸ்டூல் போட்டால் ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். ஆணி தேடப் போனவரை மத்தியானம் கடைவீதியில் பார்த்ததாக யாராவது வந்து சொல்வார்கள். வீட்டில் எதை எடுத்தாலும் பாதியில் நிற்கும், பாதி துடைத்த ஃபேன் உட்பட.

இதற்கெல்லாம் ஒரே காரணம் தன் மனைவி விஜயலட்சுமிதான் என்று அவர் மனமார நம்பினார். சமையலறையிலிருந்து ஒரு வேலை, கொல்லையிலிருந்து ஒரு வேலை, மொட்டை மாடியிலிருந்து ஒரு வேலை என்று ஏவினால் மனுஷன் எந்தப் பக்கம் ஓடுவான்?

மருந்து யூடியூபில் கிடைத்தது. கண்ணாடி போட்ட ஒரு தம்பி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளைத் தட்டிக்கொண்டே, கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தால் வாழ்க்கையே வரிசைக்கு வந்துவிடும் என்றான். மகள் அபிநயா பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச லேப்டாப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பச்சமுத்து அதை எழுப்பினார். இருந்ததை அழித்து லினக்ஸ் ஏற்றினார். நிறம் பிடிக்கவில்லை என்று வேறொரு லினக்ஸ் ஏற்றினார். அதில் எழுத்து பிடிக்கவில்லை. மூன்றாவதையும் அழிக்கப் போனபோது, சென்னையில் வேலை பார்க்கும் அபிநயா போனில் அழாத குறையாகக் கெஞ்சினாள்.

"அப்பா, எதுனா ஒண்ண வச்சிக்கப்பா!"

வைத்துக்கொண்டார். வேலைப் பட்டியலுக்கு ஒரு மென்பொருள். நேரத்துக்கு எழுப்ப ஒன்று. பட்டியலைத் தமிழில் வாசிக்க ஒன்று. வாசிக்கும் குரல் மட்டும் தீராத சளி பிடித்தவன் குரலாக அமைந்துவிட்டது.

"பச்சமுத்து. பணி. குளி" என்றது லேப்டாப், முதல் நாள் காலையில்.

விஜயலட்சுமி கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னாங்க, யாரோ உங்கள பேரு சொல்லிக் கூப்புடறாங்க?"

"சிஸ்டம்."

"நான் குளிக்கச் சொன்னா ஆவல. அது சொன்னாத்தான் குளிப்பீங்களா?"

"இந்தா பாரு விஜி. இனிமே எந்த வேலயா இருந்தாலும் சிஸ்டத்துல இருந்தா செய்வேன். இல்லன்னா இல்ல."

"கேஸ் தீந்து போச்சிங்க."

"சிஸ்டத்துல இல்ல."

"அப்ப சோறு?"

பச்சமுத்து திரையைப் பார்த்தார். "ஒரு மணிக்குச் சாப்பாடு. சிஸ்டத்துல கீது."

"உங்க சிஸ்டத்துல கீது. என் அடுப்புல இல்ல."

அன்றைக்கு மட்டும் கேஸ் சிலிண்டர் அவசரமாகச் சிஸ்டத்தில் ஏறியது. மற்றபடி 'சிஸ்டத்துல இல்ல' என்ற இரண்டு வார்த்தைகள் அவருக்கு நல்ல கேடயமாக அமைந்தன. தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்துக் கிடக்கிறதா? சிஸ்டத்துல இல்ல. பரணிலிருந்து அண்டாவை இறக்க வேண்டுமா? சிஸ்டத்துல இல்ல. நைனார்பாளையத்தில் இருக்கும் மாமியார் ராணியம்மாளுக்குக் கால் வலியாம், ஒரு போன் போட்டு விசாரிக்கக் கூடாதா? கூடாது. சிஸ்டத்தின் ராஜாங்கம் தொடர்ந்து நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டுப் பாவாடை வாசலில் வந்து நின்றார். சொந்த வேன் வைத்து ஓட்டுபவர்.

"கல்வராயன் மலையில நல்ல மழையாம்யா. அருவியில தண்ணி கொட்டுதாம். ஞாயித்துக்கெழம காலைல கெளம்புறோம். வெள்ளிமலையில நாட்டுக்கோழி சொல்லி வச்சிக்கீறேன். ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. வரியா?"

பச்சமுத்துவுக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் ஏதோ வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, அதை முடிக்கிறேன் என்று நின்று வேனைக் கோட்டைவிட்டவர் அவர். இந்தத் தடவையும் விட்டால் மனசு ஆறாது.

"வரேன்" என்றார். உடனே தட்டினார்: ஞாயிறு காலை, மலைக்குப் போவது.

விஜயலட்சுமி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நானும் வரட்டுங்களா? கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து மாடியில துணி காயப் போடும்போது தூரமாப் பாக்கறதோட சரி."

பச்சமுத்துவுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டு ஒன்றுதானே.

"சிஸ்டத்துல இல்லியே விஜி."

அவள் முகம் சுண்டிப்போனது. உள்ளே போனாள். மறுநாள் சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜியோடு வெளியே வந்தாள்.

"எத்தினி பெரிய விஷயம் பண்ணிக்கினு கீறீங்க! எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னிடம் எதையாவது கற்றுக்கொள்ள அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பச்சமுத்து பஜ்ஜி எண்ணெயை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஆசிரியரானார்.

"இது வேலய ஏத்தறது. இது முடிச்சாச்சின்னு சொல்றது. இத பாரு, இதான் சூட்சுமம். ஒரு வேலய இன்னொரு வேலக்கிப் பின்னால கட்டிப்புடலாம். மொதல் வேல முடிஞ்சாத்தான் ரெண்டாவது தொறக்கும்."

"அப்டின்னா?"

"மலைக்குப் போறதுன்னு வச்சிக்க. அதுக்கு முன்னால வண்டிக்கு டீசல்னு கட்டிட்டா, டீசல் போடாம மலை தொறக்காது."

"அடேங்கப்பா!" என்றாள். இன்னொரு பஜ்ஜி வைத்தாள். "ஆனா நீங்கதான் எதையும் பொறுமையா வுட மாட்டீங்களே. நடுவுல பூந்து அழிச்சிடுவீங்களே?"

பச்சமுத்து யோசித்தார். உண்மைதான். காலையில் ஏற்றிய வேலையைச் சாயங்காலம் அழிப்பதும், வரிசையை மாற்றுவதுமாக அவர் கை சும்மா இருந்ததேயில்லை. யூடியூப் தம்பியும் சொல்லியிருந்தான்: உங்கள் மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால், பட்டியலைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

"நீயே ஒரு பாஸ்வேர்டு போடு" என்றார் பெருந்தன்மையாக. "முடிச்சேன்னு மட்டும்தான் நான் தட்டுவேன். ஏத்தறது, அழிக்கறது எல்லாம் உன் பாஸ்வேர்டு இருந்தாத்தான்."

"எனக்கு இன்னாங்க தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே அவள் ஒன்றைத் தட்டினாள். அவர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், நாளைக்கே மறந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பச்சமுத்து புதுச் சட்டை போட்டு, துண்டு சோப்போடு பை கட்டி, லேப்டாப் முன்னால் வந்து நின்றார்.

"பச்சமுத்து. மலைக்குப் போவது. தடை உள்ளது" என்றது சளிக்குரல். "முதல் பணி. தொட்டி கழுவு."

"விஜி!"

"இன்னாங்க?" உள் அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாரு இத ஏத்துனது?"

"நீங்க சொல்லிக் குடுத்தீங்கள்ல? சரியா வருதான்னு பாத்தங்க. வருதா?"

வருகிறது. அழகாக வருகிறது. போடி நீயும் உன் தொட்டியும் என்று கிளம்பிவிடலாம்தான். ஆனால் கிளம்பினால் சிஸ்டம் அன்றோடு செத்தது. நாளை முதல் மறுபடியும் கொல்லை, மாடி, சமையலறை. கேடயமும் வேண்டும், அருவியும் வேண்டும். ஒரு தொட்டிதானே? பச்சமுத்து புதுச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொட்டிக்குள் குதித்தார். பாசியோடு மல்லுக்கட்டிவிட்டு, சொட்டச் சொட்ட ஓடி வந்து, முடித்ததாகத் தட்டினார்.

"அடுத்த பணி. அத்தைக்குப் போன் செய்."

ராணியம்மாளின் கால் வலி இடுப்புக்கு ஏறி, தோளில் தங்கி, பக்கத்து வீட்டு மாட்டுப் பிரச்சினையில் போய் முடியும்வரை பச்சமுத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நடுவில் இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தார். ஒரு தடவை நடந்துகொண்டே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த பணி. அண்டாவை இறக்கு."

ஏறினார், இறக்கினார். தலையெல்லாம் ஒட்டடை.

"அடுத்த பணி. அண்டாவைப் பரணில் ஏற்று."

"விஜி, இது அக்கிரமம்!"

வாசலில் ஹாரன் அடித்தது. "இன்னாய்யா, வரியா இல்லியா?" என்று பாவாடை கத்தினார். பச்சமுத்து அண்டாவை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

வேனில் அந்த ஒரே காலி சீட்டில், பாவாடையின் மனைவி குஞ்சம்மாளுக்குப் பக்கத்தில், விஜயலட்சுமி உட்கார்ந்திருந்தாள். புதுப்புடவை, தலை நிறைய மல்லிகை, மடியில் புளிசாதத் தூக்கு.

"அவருக்கு வேல கீதுண்ணே" என்று அவள் பாவாடையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சீட்டு வீணாப் போவக்கூடாது பாருங்க."

"விஜி! எறங்கு! நான்தான் போவணும்!"

"அண்டா ஏத்தியாச்சிங்களா?"

"அண்டாவாவது குண்டாவாவது! சிஸ்டத்தத் தூக்கிக் குப்பையில போடு!"

விஜயலட்சுமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அப்ப சிஸ்டத்துல இல்லாட்டியும் வேல செய்வீங்களா?"

பச்சமுத்து மலைப்பக்கம் பார்த்தார். உச்சியில் மேகம் இறங்கிக் கிடந்தது. அருவித் தண்ணீர் தலையில் விழுவதுபோலவே இருந்தது.

"செய்றேன்."

"நான் இன்னா சொன்னாலும்?"

"இன்னா சொன்னாலும்! இத்தினி பேரு சாட்சி, போதுமா?" படியில் ஒரு காலை வைத்தேவிட்டார். "நகந்து ஒக்காரு, நெருக்கிக்கலாம்."

"அப்பறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாற மாட்டேன்!"

விஜயலட்சுமி பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப கால எடுங்க. நாங்க வர்ற வரைக்கும் வூட்டப் பாத்துக்கினு இருங்க."